வால் இருந்தது

உலகத்து நூதனசாலைகளை எல்லாம் சேர்த்துத் தேடினாலும் 29 மாதிரிகளே அகப்படுகிற ஒரு சிறு விலங்கைப் பற்றி வாலிபர் இதழில் எதற்குக் கட்டுரை என்று சிலர் கேட்கலாம். எங்கள் எழுத்துக்குழுவிலும் அந்தக் கேள்வி வந்தது. எழுதத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தோம். அந்த விலங்குக்கு வைத்த பெயரும், அந்தப் பெயரால் வந்த குழப்பமும்தான் காரணம். பெயர்க் குழப்பத்தில் நம் ஆட்களுக்கு இந்த நாட்டில் நல்ல அனுபவம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

ஆங்கிலத்தில் அதைப் பன்றிக்கால் பண்டிக்கூட் என்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களிலும் புல்வெளிகளிலும் வாழ்ந்தது. பூனைக்குட்டி அளவு உடம்பு, முயலைப் போல நீண்ட காது, குச்சி போன்ற கால்கள். முன்காலில் இரண்டே விரல்கள்தான் நிலத்தில் பட்டன. அவற்றின் நகங்கள் பன்றியின் பிளவுபட்ட குளம்பு மாதிரி இருந்தன. பின்காலில் ஒரே ஒரு விரல்தான் உடம்பைத் தாங்கியது. அது குட்டிக் குதிரைக் குளம்பு. கங்காருவைப் போல வயிற்றில் பை உண்டு, ஆனால் பையின் வாய் பின்பக்கம் திறந்திருக்கும். பையுள்ள விலங்குகளில் இப்படிக் குளம்பு போன்ற கால்களால் நடந்தது இது மட்டுமே. பெரும்பாலும் புல் தின்றது. மானும் குதிரையும் செய்கிற வேலையை இங்கே கால் கிலோ எடைகூட இல்லாத ஒன்று செய்துகொண்டிருந்தது.

பண்டிக்கூட் என்ற சொல்லைக் கேட்டதும் ஆங்கிலம் என்று நினைப்போம். அது தெலுங்கு. நாம் அகழான் என்றும் பெருச்சாளி என்றும் சொல்கிற பெரிய எலிக்குத் தெலுங்கில் பந்திகொக்கு என்று பெயர். பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் எலி. இந்தியாவில் அதைக் கேட்டுப் பழகிய ஆங்கிலேயர், அவுஸ்திரேலியாவில் நீண்ட மூக்கோடு மண்ணைக் கிளறிய ஒரு விலங்கைக் கண்டதும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். எலிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அப்படிப் பார்த்தால் பன்றிக்கால் பண்டிக்கூட் என்பது “பன்றிக்கால் பன்றியெலி” ஆகிறது. எலியும் இல்லை, பன்றியும் இல்லை. பெயரில் மட்டும் இரண்டு பன்றிகள்.

இது பேச்சுவழக்குப் பெயர். விஞ்ஞானப் பெயராவது சரியாக இருக்க வேண்டாமா?

1836இல் நியூ சவுத் வேல்ஸின் தலைமை நில அளவையாளர் மேஜர் தோமஸ் மிச்செலின் பயணக்குழு, மரே ஆறும் மரம்பிஜி ஆறும் கூடுகிற பகுதியில் இதில் ஒன்றைப் பிடித்தது. பிடிபட்டதற்கு வால் இல்லை. எங்கேயோ, எப்படியோ அதை இழந்திருந்தது. அந்த ஒரே மாதிரியின் விவரத்தை வைத்து வில்லியம் ஓகில்பி 1838இல் “எக்காடேட்டஸ்” என்று பெயரிட்டார். லத்தீனில் “வாலற்றது” என்று பொருள். உண்மையில் அந்த விலங்குக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமான, நுனியில் சிறு குடுமி வைத்த அழகான வால் உண்டு. ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று விலங்குகளுக்குப் பெயரிடுவது என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம். அவன் முன்னால் அவை உயிரோடு வந்து நின்றன. ஓகில்பிக்கு அந்த வசதி இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1856–57இல் புலான்டோவ்ஸ்கி என்பவரின் தலைமையில் ஒரு குழு மரே–டார்லிங் பகுதிக்குப் போனது. அதிலிருந்த ஜெர்மானியர் கெராட் கிரெஃப்ட், இந்த விலங்கைத் தேடினார். கையில் மிச்செலின் வாலில்லாத படம். அதை அங்கிருந்த பூர்வகுடி மக்களிடம் காட்டி, இதைப் பிடித்துத் தந்தால் வெகுமதி உண்டு என்றார். அவர்களும் கொண்டுவந்தார்கள், சாதாரண பண்டிக்கூட்களின் வாலை முறுக்கிப் பிடுங்கிவிட்டு. கேட்டவர் வாலில்லாததைக் கேட்டார், கிடைத்தது! இதில் ஏமாந்தது யார், ஏமாற்றியது யார் என்று எங்கள் குழுவில் இன்னும் முடிவாகவில்லை. எங்களில் பெரும்பாலோர் வாலைப் பிடுங்கியவர்களின் பக்கம். தன் வீட்டு முற்றத்தில் ஓடுகிற விலங்கைப் பற்றி அந்நியன் ஒருவன் தவறான படத்தோடு வந்து உறுதியாகப் பேசினால் வேறென்ன செய்வது?

கடைசியில் கிரெஃப்டுக்கு உண்மையான விலங்கே கிடைத்தது, ஒன்றல்ல, பல. உயிரோடும் சில நாள் வைத்துப் பார்த்தார். அவற்றில் சிலவற்றைச் சமைத்துச் சாப்பிட்டும்விட்டார். இறைச்சி நன்றாக இருந்தது என்றும், பசி விஞ்ஞான ஆசையை வென்றுவிட்டது என்றும் அவரே வருத்தத்தோடு எழுதிவைத்திருக்கிறார். இன்று உலகில் இருப்பது 29 என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அந்த வரிகளை வாசிக்கும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

சரி, வால் உண்டு என்று தெரிந்த பிறகு பெயரை மாற்றியிருக்கலாமே? மாற்ற முடியாது. விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு உண்டு. முறையாக முதலில் வெளியான பெயருக்கே உரிமை. பெயரின் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக அதைத் தள்ளக் கூடாது. ஆகவே வாலுள்ள விலங்கு இன்றும் “வாலற்றது”.

இங்கேதான் எங்களுக்குள் இரண்டு கட்சி. நம் பெற்றோர் இந்த நாட்டுக்கு வந்தபோது நிரப்பிய படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நமக்கோ குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். அதனால் எங்கள் மத்தியிலேயே ஒருவர் அப்பாவின் பெயரால் கூப்பிடப்படுகிறார், இன்னொருவரின் குடும்பம் முழுவதும் தாத்தாவின் பெயரைச் சுமக்கிறது, அக்காவுக்கும் தம்பிக்கும் வேறு வேறு குடும்பப்பெயர் இருக்கிற வீடும் உண்டு. வைத்தியசாலையில் பெயரைக் கூப்பிட்டால் எழும்புவதா இருப்பதா என்று யோசிக்கிறவர்கள் நாம். “அப்படியானால் பிழையான பெயர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், அதைத் திருத்துங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு” என்பது ஒரு கட்சி.

மற்றக் கட்சியின் வாதம் எங்களுக்கு வலுவாகத் தெரிகிறது. பெயர் என்பது விவரணம் அல்ல, முகவரி. பொன்னம்பலம் என்ற பெயருள்ளவர் வீட்டில் பொன் இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் பெயரைத் தன் விருப்பப்படி திருத்திக்கொண்டு போனால், 1838இல் எழுதியவரும் 1901இல் எழுதியவரும் இன்று எழுதுகிறவரும் ஒரே விலங்கைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே தெரியாமல் போய்விடும். பெயரின் பொருள் பிழையாக இருந்தால் பரவாயில்லை. அந்தப் பெயருக்குள் யாரை அடைத்திருக்கிறோம் என்பது பிழையாக இருந்தால்தான் ஆபத்து.

அதுவும் நடந்தது. ஏறக்குறைய 180 ஆண்டுகள் எக்காடேட்டஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு விலங்குகள் இருந்திருக்கின்றன. மேற்கு அவுஸ்திரேலிய நூதனசாலையின் கெனி ட்ரவுயோனும் சக ஆய்வாளர்களும் பழைய தோல்களையும் மண்டையோடுகளையும் பற்களையும், புதைந்து கிடந்த எலும்புகளையும், எஞ்சியிருந்த மரபணுவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு 2019இல் இதை அறிவித்தார்கள். தெற்கே வாழ்ந்தது ஓர் இனம். நடு அவுஸ்திரேலியப் பாலைவனங்களில் வாழ்ந்தது இன்னோர் இனம். தெற்கத்தியது பழைய பெயரை வைத்துக்கொண்டது. பாலைவனத்து இனத்துக்கு யிரட்ஜி என்று பெயரிட்டார்கள். அந்த மண்ணின் மக்கள் அதை அழைத்த பெயர்களில் ஒன்று அது. இந்த முறை பெயரைக் கேட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயர் வந்தபோது அது மண்ணிலிருந்து போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஒன்றை இழந்தோம் என்று நினைத்திருந்த நாடு, இழந்தது இரண்டு என்று அறிந்துகொண்டது.

இப்படிச் செய்திகள் வரும்போது நம் சபைகளில் ஒரு பேச்சு எழும். “பார்த்தீர்களா, விஞ்ஞானிகள் நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று இரண்டு என்கிறார்கள், நாளை மூன்று என்பார்கள், இவர்களை எப்படி நம்புவது?” ஆராதனைக்குப் பிறகு தேநீர்க் கோப்பையோடு பேசுவதற்கு இது சுலபமான வாதம். நாங்கள் இதை ஏற்கவில்லை. 29 மாதிரிகளை மறுபடி எடுத்து, தூசி தட்டி, ஒவ்வொரு பல்லையும் அளந்து, முன்னோர் எழுதியது போதாது என்று காரணத்தோடு எழுதுகிறவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? திருத்தக் கூடாது என்று பிடிவாதம் பிடித்திருந்தால் பாலைவனத்து விலங்கு என்றைக்கும் பெயரில்லாமலே இருந்திருக்கும். அந்த அங்கிள்மாரிடம் மரியாதையோடுதான் இதைச் சொல்கிறோம்.

இது அலமாரிக்குள் நடக்கிற சண்டை, செத்துப்போன விலங்கு ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு உயிருள்ள ஓர் உதாரணம் சொல்கிறோம். மேற்கத்திய வரிப் பண்டிக்கூட் என்று ஒன்று உண்டு. பெருநிலத்தில் அழிந்து, மேற்கு அவுஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாத் தீவுகளில் மட்டும் எஞ்சியிருந்தது. 2001இல் அவற்றில் சிலவற்றைக் கொண்டுவந்து, தெற்கு அவுஸ்திரேலியாவில் ரொக்ஸ்பி டவுன்ஸ் அருகே வேலியிட்ட ஒரு பாதுகாப்பு நிலத்தில் விட்டார்கள். முன்பு அங்கிருந்த விலங்கு தன் மண்ணுக்குத் திரும்பிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2018இல் வந்த ஆய்வு, அந்த ஒரே பெயருக்குள் ஐந்து இனங்கள் இருந்ததாகச் சொன்னது. ஐந்தில் நான்கு அழிந்துவிட்டன. தீவில் தப்பியது ஐந்தாவது. அப்படியானால் வேலிக்குள் விடப்பட்டது திரும்பி வந்த பழைய வீட்டுக்காரர் அல்ல, உறவுக்காரர். விட்டது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை; அந்த இனத்துக்கு இன்னுமோர் இடம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்து செய்வது வேறு, தெரியாமல் செய்வது வேறு.

மரம்விட்டு மரம் சறுக்கிப் பறக்கிற பெரும் கிளைடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அதையும் மூன்று இனங்கள் என்று பிரித்தார்கள். ஒரே இனம் என்றால் குவீன்ஸ்லாந்தின் வடக்குப் பகுதியிலிருந்து விக்டோரியா வரை எங்கோ ஓரிடத்தில் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். மூன்று என்றால் அந்த ஆறுதல் இல்லை. ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் காடுகளில் இருக்கிற தென் இனம் 2022இல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலுக்கு வந்தது. சட்டம் பெயரைப் பார்த்துத்தான் காப்பாற்றுகிறது.

பன்றிக்கால் பண்டிக்கூட் எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பூனைகள் 1788இலேயே கப்பலில் வந்துவிட்டன. நூறு ஆண்டுகளுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியிலும் பரவிவிட்டன. 1859இல் விக்டோரியாவில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விட்ட முயல்கள் புல்லைத் தின்றன. ஆடும் மாடும் மீதியைத் தின்றன. பிறகு நரி. இன்னொரு காரணத்தைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பாலைவன மக்கள் நிலத்தைச் சிறுசிறு துண்டுகளாக, பருவம் பார்த்து எரித்துவந்தார்கள். எரிந்த இடத்தில் இளம்புல், எரியாத இடத்தில் ஒளிவிடம். அந்த மக்கள் தங்கள் நிலத்திலிருந்து அகற்றப்பட்டபோது சிறு தீக்கள் நின்றன, பெருந்தீ வந்தது. 35 கிராமுக்கு மேல், ஐந்தரைக் கிலோவுக்குக் கீழ் உள்ள பாலூட்டிகள்தான் இந்த நாட்டின் வறண்ட பகுதிகளில் மிக அதிகமாக அடிபட்டன. வெள்ளையர் குடியேறியதிலிருந்து அவுஸ்திரேலியா இழந்த பாலூட்டி இனங்கள் 30க்கும் மேல். நாமும் பிறகு வந்து குடியேறியவர்கள்தான். ஊரைவிட்டு அகற்றப்பட்ட மக்களுக்கு என்ன ஆகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பார்த்துக்கொண்ட நிலத்துக்கும் சேர்த்தே அது நடக்கிறது என்பதை நாங்கள் இந்தக் கட்டுரைக்காக வாசித்தபோதுதான் கவனித்தோம்.

கடைசியாக நூதனசாலைக்கு வந்த நிச்சயமான மாதிரி 1901இல் பிடிபட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1980களில் ஆய்வாளர்கள் பழைய தோல்களை எடுத்துக்கொண்டு பாலைவனத்துப் பெரியவர்களிடம் போனார்கள். பின்டுபி முதலிய மக்களின் முதியோர் அதை உடனே அடையாளம் கண்டார்கள். பெயர் சொன்னார்கள், என்ன தின்றது, எங்கே படுத்தது என்று சொன்னார்கள். அவர்கள் நினைவின்படி அது 1950கள் வரை அங்கே ஓடித் திரிந்திருக்கிறது. இன்னொன்றும் சொன்னார்கள். அந்த விலங்கு களைத்துப்போன வண்டிக் குதிரையைப் போலப் பின்னுடம்பை இழுத்துக்கொண்டு நடந்தது என்று ஐரோப்பியர் எழுதிவைத்திருந்தார்கள். பாலைவனத்துப் பெரியவர்களோ, துரத்தினால் அது கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும் என்றார்கள். ஒருவேளை ஐரோப்பியர் பார்த்தவை பிடிபட்டுக் களைத்தவையாக இருக்கலாம். எப்படியோ, 150 ஆண்டுகளுக்கு முன் மிச்செல் ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்டிருந்தால் வாலைப் பற்றியும் பதில் கிடைத்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

அந்த மொழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்துப் பள்ளிகளில் நம்மோடு படிக்கிற பிள்ளைகளுக்கு மேற்குப் பாலைவன மொழிகளின் பெயர்களைச் சொல்ல நாக்கு வராது. நமக்கு வரும். ந வேறு, ண வேறு, ல வேறு, ள வேறு, ரகரத்தில் இரண்டு. தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை காலையில் அழுதுகொண்டு படித்த வேறுபாடுகள் அங்கேயும் இருக்கின்றன. திருநெல்வேலியில் ஊழியம் செய்த பிஷப் கால்டுவெல்கூட, 1856இல் வெளியான தன் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் அவுஸ்திரேலிய மொழிகளின் ‘நான்’, ‘நீ’ போன்ற சொற்களோடு நம்முடையவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார். அப்படி ஓர் உறவு உண்டு என்று இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, உச்சரிப்பாவது நம் வாய்க்கு அடங்கும். பிட்ஜன்ட்ஜாராவில் இந்த விலங்குக்குக் கன்ஜில்பா என்று பெயர். சொல்லிப் பாருங்கள்.

ஆகவே வாலிபர் ஐக்கியத்துக்கு நாங்கள் வைக்கிற யோசனை பெரியதல்ல. நம் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் இந்த நிலத்தின் மூத்தோருக்கு மரியாதை செலுத்தி இரண்டு வரி வாசிக்கிறோம். நல்ல வழக்கம். ஒவ்வொரு முறையும் வாசிப்பவர், இந்த நிலத்தின் ஏதாவது ஒரு செடிக்கோ விலங்குக்கோ இங்கத்தைய மக்கள் வைத்த பெயரைத் தேடிக் கற்று, அந்த இரண்டு வரியோடு சேர்த்துச் சொல்லட்டும். பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இருந்தால் முன்கூட்டியே யாரிடமாவது கேட்கலாம். கேட்பதுதான் இதில் முக்கியமான பகுதி.

அடுத்த முகாம் பிலிப் தீவில். பூனுரோங் மக்கள் அதை மில்லவுல் என்பார்கள். ஊரிலிருந்து சித்தி, மாமா யார் வந்தாலும் பென்குயின் பார்க்க நாம் அழைத்துப்போகிற அதே தீவுதான். கிழக்கத்திய வரிப் பண்டிக்கூட் 2017 முதல் அங்கே வாழ்கிறது. ஹமில்டன் நகரத்து ஓரத்தில் எஞ்சிய சிலவற்றிலிருந்து பெருக்கி, வேலிக்குள் வளர்த்து, நரி இல்லாத தீவுகளில் விட்டு, பல பத்தாண்டு உழைப்புக்குப் பின் 2021இல் விக்டோரியா அரசு அதை ‘காட்டில் அழிந்தது’ என்ற பட்டியலிலிருந்து எடுத்து ‘ஆபத்திலுள்ளது’ என்ற பட்டியலுக்கு மாற்றியது. தாஸ்மானியாவில் இருப்பதிலிருந்து இது கொஞ்சம் வேறுபட்டது என்று தெரியும். ஆனாலும் மத்திய அரசின் பட்டியலில் அது இன்னும் ‘விக்டோரியாத் துணையினம்’ என்றே இருக்கிறது. அதற்கென்று ஒரு லத்தீன் பெயர் கிடையாது.

பென்குயின்கள் கரையேறுவதற்கு முன் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பாதையோரத்துப் புல்லைக் குனிந்து பாருங்கள். விரல் நுழைகிற அளவில், கூம்பு வடிவில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். மண்புழுவுக்காக மூக்கை நுழைத்துத் தோண்டியவை. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் ஏதாவது அசைந்தால் டார்ச் அடிக்காதீர்கள்.